பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது: நேர்த்தையல் மிஷினில் இதற்கு வழி உண்டா?

கேள்வி (மன்னார்குடி)

வணக்கம். என்னிடம் காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின் இருக்கிறது. அதில் நேர்த்தையல் மட்டுமே போட முடியும், ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து விழும் தையல்) கிடையாது. ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் இதில் குறையில்லாமல் தைத்துக் கொடுத்து வருகிறேன். கோடைக்கு உதவுமே என்று, திருப்பூர்ப் பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி, குழந்தைகளுக்கு அரைக்கைச் சட்டை தைக்கத் தொடங்கினேன். லைக்ரா கலந்த துணி, நன்றாக இழுபடுகிறது.

சிறிது தூரம் ஒழுங்காக ஓடிய பிறகு இரண்டு மூன்று தையல்கள் விட்டுப்போய், மேல்நூல் துணியின்மீது நீளமாகக் கிடக்கிறது. ஒழுங்காக விழுந்த இடத்திலும், சட்டையைத் தலைவழியாகப் போடும்போது கழுத்துத் தையல் படபடவென்று அறுந்துவிடுகிறது. அடியோரத்தை மடித்துத் தைத்தாலோ பொரித்த அப்பளம் போல நெளிந்து நிற்கிறது. பழுது பார்ப்பவர், டைமிங் (ஊசியும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) போய்விட்டது, கொக்கியைக் கழற்ற வேண்டும் என்கிறார். ஊசி 16ஆம் நம்பர். நூல் சாதாரணப் பருத்தி நூல். கழற்ற விடலாமா?

மறுமொழி (கும்பகோணம்)

சகோதரி, இப்போதைக்குக் கொக்கியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ரவிக்கைத் துணியில் அதே மிஷின் இன்றும் ஒழுங்காகத் தைக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊசியைத்தான். கீழே இறங்கிய ஊசி மேலே எழத் தொடங்கும்போது துணி அசையாமல் கிடந்தால்தான், ஊசிக்கண்ணுக்குப் பக்கத்தில் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். அந்த வளையத்துக்குள் கொக்கியின் முனை நுழைந்தால்தான் ஒரு தையல் விழும். இழுபடும் துணி ஊசியைப் பற்றிக்கொண்டு கூடவே எழும்பிவிடுவதால் வளையம் உருவாவதில்லை. கொக்கி நூலைப் பிடிக்காமலே சுற்றிவிடுகிறது. கூர்முனை ஊசிக்கு இன்னொரு கேடும் உண்டு: அது பின்னலின் இழையையே குத்தி அறுத்துவிடும், நாலு முறை துவைத்த பிறகு அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, கண்ணிகள் ஓடத் தொடங்கும்.

முனை சற்று உருண்ட ஊசிகள் தனியே கிடைக்கின்றன. பாக்கெட்டில் பால்பாயின்ட் அல்லது ஸ்ட்ரெட்ச் என்று போட்டிருக்கும். லைக்ரா கலந்த துணிக்கு ஸ்ட்ரெட்ச் ஊசியே நல்லது. மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், கனமானதற்கு 14 போதும், 16 வேண்டாம். தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் பவர் மிஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசியையும் கடையில் அதே போன்ற பாக்கெட்டில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நூலையும் பாலியஸ்டருக்கு மாற்றிவிடுங்கள். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊசியில் துரு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத துருவும் இந்தத் துணியைப் பிடித்து இழுக்கும்.

கேள்வி கேட்டவர் (மன்னார்குடி)

மிக்க நன்றி, ஐயா. ஸ்ட்ரெட்ச் ஊசி 11ஆம் நம்பர் போட்டதும் தையல் விடுவது நின்றுவிட்டது. ஆனால் கழுத்துத் தையல் இன்னும் அறுகிறது. தொடங்கும் இடத்தில் துணியின் முனை தட்டின் துளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. அடியோர நெளிவும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி (மயிலாடுதுறை)

நேர்த்தையலின் நூலில் தளர்வு இல்லை, அம்மா. துணி நீளும்போது நூல் நீளாததால் அறுகிறது. ஆகவே தையலைச் சிறிதாக்குங்கள். 2 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கூடுதல் நூல் உள்ளே போகும். மேல்நூல் இறுக்கத்தையும், அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸில் உள்ள சிறு திருகையும் ஒரு துளி தளர்த்துங்கள். பக்கத் தையலின்போது ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலுமாகத் துணியைச் சமமாக, மெல்ல விறைப்பாகப் பிடித்துத் தையுங்கள். பின்கை மட்டும் இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும்.

துணி துளைக்குள் போவதற்கு, அடியில் ஒரு மெல்லிய தாள்துண்டை வைத்துத் தொடங்கி, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை ஒட்டும். தோள் தையலில் துணி இழுபடவே கூடாது என்பதால், ஒரு குறுகிய பருத்தி நாடாவைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

மறுமொழி (கும்பகோணம்)

அக்கா சொன்னது பக்கத் தையலுக்கு முற்றிலும் சரி. அடியோரத்துக்கு அது ஆகாது. அங்கே விறைத்துப் பிடித்தால் நெளிவு இன்னும் கூடும். அழுத்துகிற காலின் கம்பிக்கு மேல் உள்ள திருகைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். அழுத்தம் மிகும்போது கீழேயுள்ள பற்கள் அடித்துணியை முன்னே தள்ளுகின்றன, மேல்துணியோ காலடியில் தேங்கி இழுபடுகிறது. நெளிவு அதனால் வருவதுதான். தைத்தபின் ஈரத்துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைத்தால், மிஞ்சிய நெளிவும் பெரும்பாலும் அடங்கிவிடும். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். பருத்திப் பனியன் துணி சுருங்கும். துணி அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள்.

கழுத்தைப் பற்றி என் கருத்து வேறு. ஜிக்ஜாக் இருந்தால், அரை மில்லிமீட்டர் அகலத்தில் குறுகலாகப் போட்டுவிட்டாலே அந்தத் தையல் துணியோடு நீளும். நேர்த்தையல் மட்டும் உள்ள மிஷினில், தலை நுழைய நீண்டாக வேண்டிய கழுத்தை எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் அது நெடுநாள் தாங்காது. ஆகவே கழுத்து நீளத் தேவையில்லாதபடி வெட்டுவதே நல்லது. சிறு குழந்தைகளின் சட்டைக்கு இடது தோளைத் திறந்து விட்டு, பட்டி வைத்து இரண்டு டிச் பட்டன் பொருத்துங்கள். பட்டிக்குள் கேன்வாஸ் (விறைப்பான உள்துணி) ஒட்டினால் பட்டன் பிய்த்துக்கொண்டு வராது. பெரிய பிள்ளைகளுக்குக் கழுத்தை அகலமாக வெட்டுங்கள். வெட்டிய துண்டின் கழுத்தை இழுக்காமல் தலைவழியாக நுழைத்துப் பார்த்துவிட்டு மிஷினில் வையுங்கள்.