பாம்பன் சொந்தங்கள் குழு: வள்ளியோட ஸ்கேன்

சனிக்கிழமை

ஜெயா அயித்தை, மாலை 5:10
வள்ளிக்கு அஞ்சாம் மாச ஸ்கேன் எடுத்தாச்சு. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழ கட்டி இருக்காம். முருகேசன் காலையிலயே டோக்கன் போட்டுக் கடலுக்குப் போயிட்டான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

செல்வம், மாலை 5:11
என்ன மதினி சொல்றீங்க? கேன்சர்னா சொன்னாக?

சாந்தி, மாலை 5:16
டியூமர்னு ஒருத்தர் சத்தமாச் சொல்லிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாரு. வள்ளி வயித்துல இருந்த ஜெல்லைக்கூடத் துடைக்கல. நான்தான் முந்தானையால துடைச்சு எழுப்பி உக்கார வச்சேன்.

இந்திரா, மாலை 5:19
கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தாளா?

இந்திரா, மாலை 5:21
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜெயா அயித்தை, மாலை 5:22
அழிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன் இந்திரா. அத்தை மகனைக் கட்டுனதாலதானா? அப்ப என் வீட்டுக்கு வந்ததுதான் அவ செஞ்ச தப்பா?

பொன்ராஜ், மாலை 5:40
இப்பதான் ஆஸ்பத்திரியில ஸ்கேன் டியூட்டி முடிஞ்சது. அயித்தை, யாரும் யாரையும் பேச வேண்டாம். பெரியம்மா, ரிப்போர்ட்டைக் குரூப்ல போடாதீங்க, எனக்கு மட்டும் அனுப்புங்க. எல்லாப் பக்கமும் வேணும்.

பொன்ராஜ், மாலை 6:25
படிச்சுட்டேன். ஸ்கேன் படம் படிக்கிற எங்க ரேடியாலஜி டாக்டரம்மாகிட்டயும் காட்டிட்டேன். அவுக சொன்னதைத்தான் எழுதுறேன்.

வால் எலும்பு நுனியில 3 சென்டிமீட்டர் கட்டி. பாதி நீர், பாதி சதை. ‘சாக்ரோகாக்சிஜியல் டெரடோமா’ன்னு எழுதி பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்காங்க. அந்தக் கேள்விக்குறியை யாரும் வள்ளிகிட்டச் சொல்லலை. கரு உருவாகுறப்ப வால் பக்கம் மிச்சமா நின்னுபோன செல்லுங்க வளர்ந்து வர்ற கட்டி இது. 35,000, 40,000 பிறப்புக்கு ஒண்ணுன்னு வரும். பிறக்கும்போது பெரும்பாலும் இது கேன்சர் இல்லை. அப்படியே விட்டு வச்சாத்தான் மாசம் போகப்போக மாற வாய்ப்பு கூடும், அதனாலதான் பிறந்த கொஞ்ச நாள்லயே எடுத்துருவாங்க.

கிரகணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொந்தத்துல கட்டுனா சில பிறவிக் குறைபாடு கூடுதலா வரும்ங்கிறது உண்மை. ஆனா இந்தக் கட்டி பெரும்பாலும் குடும்பவழியில வர்றது இல்லை. அத்தை மகனைக் கட்டுனதை இதுல இழுக்காதீங்க.

செல்வம், மாலை 6:31
முதுகுத்தண்டு பிளந்து பிறக்குமே, அதுவா இருந்தா? நம்ம தெருவுல ஒரு பிள்ளைக்கு இருந்துச்சே.

பொன்ராஜ், மாலை 6:44
சித்தப்பா, சரியான கேள்வி. ரெண்டுமே அந்த எடத்துலதான் வீங்கித் தெரியும். பிரிச்சுக் கண்டுபிடிக்கத் தலையைப் பாப்பாங்க. தண்டு திறந்திருந்தா மூளை கீழ இழுபடும். அப்ப நெத்தி எலும்பு ரெண்டு பக்கமும் உள்வாங்கி மண்டை எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும், சிறுமூளை வளைஞ்சு வாழைப்பழம் மாதிரி தெரியும். டாக்டருங்க வச்சிருக்கிற பேரே எலுமிச்சை, வாழைப்பழம்தான். நம்ம ரிப்போர்ட்டுல மண்டை எலும்பு இயல்பு, சிறுமூளை இயல்பு, முதுகெலும்பு வரிசை முழுசு. மூணையும் ரெண்டு தடவை படிச்சேன்.

கவிதா, இரவு 7:05
நர்ஸாச் சொல்றேன். கலைச்சிரலாமான்னு எனக்குத் தனியா ரெண்டு பேர் கேட்டுட்டீங்க. 2021-ல மாத்துன சட்டத்துல 24 வாரத்தைத் தாண்டியும், பெரிய குறைபாடுன்னு மெடிக்கல் போர்டு சொன்னா வழி இருக்கு. அவசரப்பட வேண்டியதில்லை. முதல்ல என்னன்னு தெரியட்டும். கேட்க வேண்டியது வள்ளிகிட்ட, என்கிட்ட இல்ல. அப்புறம் ஆணா பெண்ணான்னும் ஒருத்தர் கேட்டீங்க. 1994-லயே சட்டம் போட்டாச்சு, டாக்டர் சொல்லக் கூடாது, நாம கேட்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

முருகேசன், காலை 7:50
கரைக்கு வந்துட்டேன். அம்மா சொல்லுச்சு. பொன்ராஜ், ஒண்ணு கேக்குறேன். போட்டுல எக்கோ மெஷின் வச்சுத்தான் ஓட்டுறேன். மீன் கூட்டம்னு காட்டி, வலையை விட்டா பாறையா இருந்து கிழிஞ்சிருக்கு. இதுவும் அப்படி இருக்காதா?

பொன்ராஜ், காலை 8:15
மச்சான், ரெண்டும் ஒரே வேலைதான். சத்தத்தை அனுப்பித் திரும்பி வர்றதை எண்ணுறது. உங்க மெஷின் செகண்டுக்கு 50,000, இல்ல 2,00,000 அதிர்வுல அனுப்பும். வயித்து ஸ்கேன் 30 லட்சம், 50 லட்சம். அதிர்வு கூடக்கூட ஆழம் குறையும், ஆனா நெல்மணி அளவு கூடத் தெரியும். நடுவுல காத்து இருந்தாச் சத்தம் போகாது, அதுக்குத்தான் ஜெல். கதிர்வீச்சு கிடையாது.

அங்க ஒண்ணு இருக்குங்கிறதுல சந்தேகம் இல்லை மச்சான். அது என்ன, எவ்வளவு உள்ள போயிருக்குங்கிறதுலதான் சந்தேகம். நீங்க சொன்ன மீனா பாறையான்னு கேக்குற அதே இடம்.

1958-ல கிளாஸ்கோவுல இயன் டொனால்டுங்கிற டாக்டர் இந்த ஸ்கேனைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாரு. இரும்புல விரிசல் தேடுற மெஷினை வச்சு ஆரம்பிச்சவர். வயித்துல ஆபரேஷன் செய்ய முடியாத கேன்சர்னு கைவிட்ட ஒரு அம்மாவுக்கு வச்சுப் பாத்தா, அது சினைப்பையில நீர்க்கட்டி. எடுத்தாங்க, பிழைச்சாங்க. கட்டின்னு ஒரே வார்த்தைதான். உள்ள என்ன இருக்குன்னு பாத்த பிறகு ரெண்டு வேற கதை ஆயிருச்சு.

நாளைக்கு மதுரையில எம்ஆர்ஐ, காலை 11 மணி. நான் வேலை பாக்குற இடம்தான். வெள்ளன கிளம்புங்க.

ஜெயா அயித்தை, காலை 8:40
எம்ஆர்ஐல பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?

பொன்ராஜ், காலை 8:52
எக்ஸ்ரே, சிடி ஸ்கேன்லதான் கதிர் உண்டு அயித்தை. இது காந்தம். படம் தெளிவாத் தெரியப் போடுற, கர்ப்பிணிக்குப் பொதுவாப் போடாத காடோலினியம் மருந்து ஊசியும் இதுக்கு வேண்டியதில்லை. கொட்டு அடிக்கிற மாதிரி சத்தம் கேக்கும், காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் தருவோம். இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சுடுவேன், அரைமணிக்கு மேல ஆகும். பிள்ளை சும்மா இருக்காது, அதனால ஒரு படம் ஒரு செகண்டு கணக்குல எடுக்கணும். அசைஞ்சா மறுபடியும் எடுப்போம். கொலுசு, மெட்டி, ஊக்கு, வளையல், தாலி எல்லாம் கழட்டணும்.

ஜெயா அயித்தை, காலை 8:55
தாலியவா? மாசமா இருக்கிற பிள்ளைகிட்டத் தாலியைக் கழட்டச் சொல்ற. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுல்ல?

பொன்ராஜ், காலை 9:03
இழுக்காது அயித்தை. ஆனா கொக்கியிலயும் பத்தவச்ச இடத்துலயும் வேற உலோகம் கலந்திருக்கும். தங்கமும் சேத்து சூடாகலாம், படமும் கெடும். அங்க கெட்ட படத்தை வச்சு டாக்டர் என்ன சொல்றது? மஞ்சக்கயித்துல மஞ்சக்கிழங்கைக் கட்டிக்கட்டும். தினமும் எத்தனையோ பேர் அப்படித்தான் வர்றாங்க.

வள்ளி, காலை 9:30
அயித்தை, மஞ்சக்கயிறு என்கிட்ட இருக்கு. நீங்க கூட வாங்க, தாலி உங்க கையில இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை

பொன்ராஜ், மாலை 4:20
நான் படம் எடுக்கிறவன், படிக்கிறது டாக்டர். அவுக வள்ளிகிட்டயும் மச்சான்கிட்டயும் முக்கால் மணி நேரம் உக்காந்து பேசிட்டாங்க. வள்ளி சொல்லச் சொன்னதால சொல்றேன். கட்டியோட பெரும்பகுதி வெளியதான் இருக்கு. முதுகுத்தண்டுக்குள்ள போகலை. இதை நாலு வகையாப் பிரிப்பாங்க, நம்மளது முதல் வகை. முழுக்க உள்ளயே ஒளிஞ்சு கிடக்கிற நாலாவது வகைதான் கண்ணுக்குத் தப்பும்.

இனி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரத்த ஓட்டத்தைப் பாக்குற டாப்ளர் ஸ்கேன். கட்டி ரத்தத்தை அதிகமா இழுத்தா பிள்ளையோட இருதயம் திணறும், உடம்புல நீர் கோத்துக்கும். அதைத் தொடக்கத்துலயே பிடிக்கணும். இதுல ஒரு தேதியையும் தள்ளிப் போடக் கூடாது. கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினா பிரசவம் சிசேரியனா இருக்கும். குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர் உள்ள ஆஸ்பத்திரியிலதான் பிரசவம். கட்டியோட சேத்து வால் எலும்பையும் எடுக்கணும், அதை விட்டாத் திரும்ப வளரும். பிறகு கட்டி திரும்ப வருதான்னு காட்டுற ஏஎஃப்பிங்கிற புரதத்தை ரத்தத்துல பாத்துப் பாத்து சில வருஷம் விடாம வரணும்.

எல்லாம் நல்லபடியா முடியும்னு நான் எழுத மாட்டேன். இன்னும் நாலு மாசம் இருக்கு.

சாந்தி, மாலை 4:33
டாக்டரம்மா ஒரு தாள்ல பிள்ளையை வரைஞ்சு, கட்டியை வட்டம் போட்டுக் காட்டுனாக. வள்ளி அந்தத் தாளை வாங்கி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா. ஸ்கேன் எடுத்த நாள்ல இருந்து இப்பதான் ஒரு வாய் சோறு தின்னா.

இந்திரா, மாலை 4:41
சாந்தி அக்கா, ஜெயா மதினி, நான் அன்னைக்குப் பேசுனது தப்பு. வியாழக்கிழமை மீன் குழம்பு வச்சுக் கொண்டு வர்றேன்.

கவிதா, மாலை 4:50
வள்ளி, கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப தந்த பிக்மி எண்ணும் ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே பையில வை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் கேப்பாக.

முருகேசன், மாலை 5:15
அடுத்த ஸ்கேன் நாள்ல நான் டோக்கன் போடலை. போட்டுக்கு வேற டிரைவர் பேசிட்டேன்.

ஜெயா அயித்தை, மாலை 5:32
வள்ளி, தாலி என் சுருக்குப்பையிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில வந்து கட்டி விடுறேன். அடுத்த எம்ஆர்ஐ எப்பன்னு இப்பவே சொல்லு பொன்ராஜு, கொக்கியைப் பிரிச்சு நூல்ல கோத்து வச்சுருவேன்.

பொன்ராஜ், மாலை 5:38
இப்போதைக்கு இன்னொரு எம்ஆர்ஐ இல்லை அயித்தை. டாப்ளருக்குத் தாலி கழட்ட வேண்டாம்.