நண்டுப் பிடிப்புப் பதிவேட்டுக்குத் தமிழ் மாதிரிப் படிவம் தேவை

குழும உறவுகள் அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்குகளை நான் எழுதி வருகிறேன். சிறு படகுகள் வலைபோட்டுக் கொண்டுவரும் நீலக்கால் நண்டு, வாடிக்கு (கரையில் பிடியைச் சேர்த்து நிறுக்கும் கொட்டிலுக்கு) வந்தவுடன் ஒன்றாகக் கொட்டி நிறுக்கப்படுவதால், எந்த நண்டு எந்தப் படகில், எந்த இடத்தில், எந்த வலையில் பிடிபட்டது என்பதை அதன்பின் எவராலும் சொல்ல முடிவதில்லை.

இலங்கைக் கலங்கள் பிடித்த மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் நடைமுறைப்படுத்தி 2016 இல் நீக்கிய தடை, பெரிதும் ஆழ்கடற் கலங்களின் கண்காணிப்புக் குறைபாடுகளால் வந்தது. ஆயினும், அங்கு ஏற்றுமதியாகும் கடற்பிடிக்கு, அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதை உறுதிசெய்யும் பிடிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி எங்கள் கரையையும் தொடுகிறது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும், முறையாக வலைபோடுபவரின் பிடிக்குத் தனி அடையாளம் இல்லாதிருப்பது எனக்குப் பெரும் வேதனை.

ஆகவே, படகின் பதிவு இலக்கம், பிடித்த இடம், கரைசேர்ந்த நேரம், வலைக்கண் அளவு, எடை ஆகியவற்றை, இரவு முழுதும் கடலில் நின்று களைத்து வருபவர் ஓரிரு நிமிடத்தில் நிரப்பக்கூடிய தமிழ்ப் படிவம் எவரிடமேனும் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். சினை நண்டைத் தனியே பதியும் சங்கங்கள் அதனை எவ்வாறு எழுதுகின்றன என்பதையும் அறியத் தாருங்கள்.