பாரிஸைத் தாண்டிப் போனவர்கள் சொல்லுங்கள்

பயணப்பை

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். மூன்று நாள் லீவு போட்டு, எந்த மணிக்கு எங்கே என்று தாளில் எழுதி வைத்து, செவ்வாய்க்கிழமை காலை லூவர் வாசலில் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை. நாலு வருஷமாக இங்கே இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சித்தப்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். (ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கண்ணாடிப் பிரமிடு முன்னால் ஒரு ஃபோட்டோ எடுத்துவிட்டு, சேன் ஆற்றோரமாகவே நடந்து, ஆற்று நடுவே இருக்கும் தீவுக்குள் போய் சான்த் ஷப்பெல் என்கிற பழைய தேவாலயத்தின் வரிசையில் நின்றோம். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் மாதிரி சோதனை. உள்ளே போனால் கீழ்த்தளம் தாழ்ந்த கூரையோடு சாதாரணமாக இருக்கிறது. "இதுக்கா இவ்வளவு நேரம் நின்னோம்" என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே ஒடுக்கமான சுழல்படி ஏறினார், மேலே கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. சுவர் என்று ஒன்றும் இருப்பதாகவே தெரியாது, சுற்றிலும் 15 உயரமான கண்ணாடி ஜன்னல்கள், அவற்றில் 1113 பைபிள் காட்சிகள். ஒன்பதாம் லூயி இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்டதை வைப்பதற்காகக் கட்டி 1248-இல் அர்ப்பணித்தது. முடிக்குக் கொடுத்த விலை கட்டடத்துக்கு ஆன செலவைவிட அதிகம்.

இந்த மாதிரி தற்செயலாகப் போய் மாட்டிக்கொண்ட இடங்கள் பாரிஸுக்கு வெளியே உங்களுக்கும் இருக்கும், சொல்லுங்கள். ஐஃபெல் கோபுரம் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

காஞ்சித்தறி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி வந்த பிறகு தறியில் உட்காருவதில்லை. நான் கிரெனோபிளில் வேலை பார்த்தபோது அவரையும் அம்மாவையும் வரவழைத்தேன். பாரிஸில் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு" என்று ஒரே பதில், எனக்கே செலவு வீணோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

லியோன் போனோம். அங்கே குருவா-ரூஸ் என்று ஒரு மேடு, 19-ஆம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்த பகுதி. அவர்களுக்கு அந்த ஊரில் கனூ என்று பெயர். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, தெருவில் நின்று ஜன்னல்களை அண்ணாந்து பார்த்த அப்பா, "இதெல்லாம் தறி வீடுடா" என்றார். எப்படித் தெரியும் என்றால், "வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு உயரத்துல ஜன்னல், வெளிச்சம் தறிக்கு வேணும்" என்கிறார். உண்மைதான், தறிக்கு மேலே பூவேலைக்கான பெட்டி ஏற்ற வேண்டும் என்பதற்காகவே அங்கே கூரையை 4 மீட்டர் அளவுக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். குடும்பம் படுப்பதற்கு அதே அறையில் பரண் மாதிரி ஒரு தளம். நாம் மண்ணில் குழி தோண்டிக் காலை இறக்கினோம், இவன் கூரையைத் தூக்கியிருக்கிறான் என்றார் அப்பா.

அங்கே நெசவாளர் அருங்காட்சியகம் ஒன்று உண்டு, தறியை ஓட்டிக் காட்டுவார்கள். உள்ளே தொங்கிய ஓட்டை போட்ட அட்டைகளை (எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்பவை) பார்த்ததும் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். எங்கள் ஊரில் ஜக்கார்டு பெட்டி, ஜக்கார்டு அட்டை என்பதெல்லாம் பேட்டு, பாவு, நாடா மாதிரி வீட்டுச் சொல், அதற்கு ஒரு மூலம் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. ஜக்கார்டு என்பது ஒரு மனுஷன், 1752-இல் இதே ஊரில் பிறந்தவர், 1804-வாக்கில் இந்தப் பொறியைச் செய்தவர் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஜக்கார்டுன்னா ஆளா?" என்று கேட்டார். ஐம்பது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டவர்.

நெய்து காட்டிய பெண்மணி துணியைப் பெருமையாகக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் கையைக் குப்புறத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் பார்க்க வேண்டுமாம். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, சிரித்துவிட்டுத் துணியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். அப்பா குனிந்து, அறுந்த இழை எங்கே முடி போட்டிருக்கிறது என்று தேடினார். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அந்த அறையில் நடந்த உண்மையான உரையாடல் அது ஒன்றுதான்.

1831-இல் அங்கே பெரிய கிளர்ச்சி. பேசி முடித்த கூலியை வியாபாரிகள் தர மறுத்ததும் நெசவாளர்கள் கருப்புக் கொடி பிடித்து, உழைத்து வாழ்வோம் இல்லையேல் போராடிச் சாவோம் என்று இறங்கி, ஊரையே சில நாள் கையில் எடுத்துக்கொண்டார்கள். இதை அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, "கூலித் தகராறா" என்றதோடு முடிந்தது. அம்மா கதை தனி. கனூ சுவர் என்று ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க 1200 சதுர மீட்டருக்குத் தெரு, மாடிப்படி, வீடுகள் எல்லாம் தத்ரூபமாக வரைந்து வைத்திருக்கிறார்கள், அம்மா அந்தப் படியில் ஏறுவதற்குப் போய்விட்டார்.

லியோன்வாசி

அப்பாவுக்கு என் வணக்கம். அந்த ஊரில் திராபூல்களைப் பார்த்தீர்களா? ஒரு தெருவில் கதவைத் தள்ளினால் வீடுகளுக்கு நடுவே முற்றம், நடை, படி என்று போய் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பட்டு நனையாமல் தூக்கிப் போக வசதி. பழைய ஊரில் சான்-ழான் தெரு 54-ஆம் எண்ணில் நுழைந்தால் பஃப் தெரு 27-இல் வெளியே வருவீர்கள். கதவு பூட்டியிருக்கிற மாதிரி தெரியும், பக்கத்தில் பொத்தான் இருக்கும், அதை அமுக்குங்கள், பகல் வேளையில் திறக்கும். ஆனால் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். நானும் அப்படி ஒரு முற்றத்துக்கு மேலே குடியிருந்தவன்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது பேருக்கு வழிகாட்டி ஒருவர் மைக்கில் சரித்திரம் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசிக்கொண்டு போனால் பாட்டிகள் சிரித்து "பொன்ழூர்" சொல்வார்கள்.

லாச்சப்பல் அக்கா

நான் இங்கே வந்து 30 வருசத்துக்கு மேல். லாச்சப்பல் (பாரிஸில் எங்கட தமிழ்க் கடைத்தெரு), வேலை, பிள்ளைகள், ஓகஸ்ட் முடிவில் பிள்ளையார் தேர் என்று காலம் போனது. பிள்ளைகள் பெரிதாகின பிறகுதான் ஊர் பார்க்க வெளிக்கிட்டேன். மொன்பர்னாஸில் ட்ரெயின் ஏறினால் ஷார்த்ர் ஒரு மணித்தியாலம்தான். வயல்வெளிக்கு நடுவிலே அங்கத்தைய பெரிய தேவாலயத்தின் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும்.

அந்தத் தேவாலயத்துக்குள்ளே நிலத்திலே கல்லால் பதித்த சுருள்பாதை இருக்கென்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். போய்ப் பார்த்தால் அதுக்கு மேலே கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கதிரைக் கால்களுக்கு இடையாலே ஒரு வளைவு தெரிந்தது, அவ்வளவுதான். தவக்காலம் தொடங்கி நவம்பர் முதலாம் திகதி வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில்தான் கதிரைகளை எடுப்பார்களாம். பிறகு மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

வட்டம் 13 மீட்டர் அகலம்கூட இல்லை. ஆனால் அதுக்குள்ளே நடக்கிற பாதை 260 மீட்டருக்கு மேல். நடுவுக்குக் கிட்ட வந்திட்டோம் என்று நினைக்கிற நேரம் பாதை உங்களை வெளி வளையத்துக்குக் கொண்டு போய் விடும். எனக்கு முன்னாலே ஒரு வயதான ஐயா சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார், அதைப் பார்த்து நானும் கழற்றினேன், கோயிலுக்குள் செருப்போடு நடக்கிற கூச்சம் எனக்கு முதலே இருந்தது. கல் குளிர். எதிரே வருகிற ஆட்களுக்கு விலகி விலகி நடக்க வேணும், ஒருவரும் கதைக்கவில்லை. நடுவில் போய் நின்றபோது அழுகை வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். அண்ணாந்தால் அந்த நீலக் கண்ணாடி. 1939-இல் போர் வருகிறது என்று அந்த யன்னல் கண்ணாடி முழுவதையும் கழற்றிக் கொண்டுபோய் ஒளித்து வைத்துப் பிறகு திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். எங்கட சனம் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சாமிப்படத்தைக் கழற்றிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

ரைன்கரை

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஸ்ட்ராஸ்பூரில் பகல் 12:30. தேவாலயத்துக்குள் வானியல் கடிகாரம் ஒன்று, அங்கே அது மூன்றாவது, 1838-இல் வேலை தொடங்கிச் செய்தது. அது நம் கைக்கடிகாரத்துக்கு அரை மணி பின்னால் ஓடுகிறது, அதனால் நமக்கு 12:30 ஆகும்போதுதான் அதற்கு உச்சிவேளை. அப்போது அப்போஸ்தலர் 12 பேரும் இயேசு முன்னால் வரிசையாகப் போவார்கள், மேலே இருக்கும் சேவல் இறக்கையடித்து மூன்று முறை கூவும். என் மகளுக்கு அந்தச் சேவல் மட்டும்தான் பிடித்தது, ஒரு வாரம் வீட்டில் கூவிக்கொண்டிருந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னாடியே போய்விடுங்கள், 12:29-க்கு ஓடி வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள் (அனுபவம்). கோபுரம் ஒன்றுதான், இன்னொன்றைக் கட்டவே இல்லை. அந்த ஒற்றைக் கோபுரமே 142 மீட்டர், 1647 முதல் 1874 வரை உலகத்தில் உயரமான கட்டடம். 332 படி ஏறி நடுத்தளம் வரை போகலாம். நான் ஏறவில்லை, மனைவி ஏறினார்.

காரைக்கால்காரன்

எல்லாரும் நல்ல இடமாகச் சொல்கிறீர்கள், நான் ஒரு சுமாரான ஊருக்குப் போன கதை. லோரியான். 1666-இல் கீழைநாட்டு வணிகக் கம்பெனிக்காகவே உண்டான துறைமுகம், ஊர் பெயரே கீழ்த்திசை என்றுதான் அர்த்தம். புதுச்சேரிக்கும் எங்கள் ஊருக்கும் கப்பல் அங்கிருந்துதான் கிளம்பியது. பழைய வீதி, பழைய வீடு என்று தேடிப் போனால் எல்லாம் கான்கிரீட். 1943-இல் ஜெர்மன் நீர்மூழ்கித் தளத்தை உடைக்கப் போய் நேசநாட்டு விமானங்கள் ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டன, தளம் மட்டும் அப்படியே நிற்கிறது. படகில் எதிர்க்கரை போனால் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனி அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் மாதிரிகள், பீங்கான், நம் பக்கத்துப் பருத்தித் துணி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம், டீச்சர் வரைபடத்தில் "பொந்திஷேரி" என்று விரல் வைத்தார். நான் அதற்குக் கீழே காரைக்கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது.

பயணப்பை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. @காஞ்சித்தறி, அப்பா ஊருக்குப் போன பிறகு லியோனைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

காஞ்சித்தறி

குருவா-ரூஸ் சதுக்கத்தில் ஜக்கார்டுக்குச் சிலை இருக்கிறது. அதன் முன்னால் நின்று ஃபோட்டோ எடுக்கச் சொன்னார், மொத்தப் பயணத்தில் அவராகக் கேட்ட ஒரே ஃபோட்டோ. அதைப் பெரிதாகப் போட்டுத் தறிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். வருகிற போகிற பாவு போடுகிறவர்களிடமெல்லாம், "இந்த ஆளு யாருன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அம்மா ஃபோனில் சலித்துக்கொள்கிறார்.