ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு ஒரு விமான நிறுவனத்தில் 9 ஆண்டாக செக்-இன் கவுன்ட்டரில் வேலை. போன வாரம் கூப்பிட்டு, ஆட்குறைப்பு என்ற சொல்லே வராமல், "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், 2 மாதச் சம்பளம் தருகிறோம்" என்றிருக்கிறார்கள். சங்கத்தில் "கையெழுத்துப் போடாதே" என்கிறார்கள். நிர்வாகமோ சங்கத்தோடு பேசவே மறுக்கிறது. நடுவில் இவள்.

நான் படித்தவரை, ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. தானாக விலகினால் அந்த இழப்பீடு போச்சு, கிராஜுவிட்டி மட்டும்தான். சரி, ஆனால் இவள் பதவியின் பெயர் 'எக்ஸிகியூட்டிவ்'. செய்வதென்னவோ பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் கொடுப்பது. அந்த இழப்பீடு கிடைக்க, சட்டப்படி தொழிலாளி என்று கணக்கில் வருவாளா?

2008 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் நீக்கிய சுமார் 800 பேரை ஓரிரு நாளிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டதை அம்மா நம்பிக்கையோடு சொல்கிறார். அந்த நிறுவனமே 2019இல் பறப்பதை நிறுத்தியதை நான் சொல்லவில்லை.

தொழிலாளர் உதவி ஆணையரிடம் இப்படி மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன தாள்களை இப்போதே நகல் எடுத்து வைக்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.