மயூர் விஹார் பூங்காச் சுவரில் கோலம் – வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தில்லி நண்பர்களே, வணக்கம். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய பூங்காவின் நீளமான சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் ஓட்டுச் சில்லு பதித்துப் பெரிய கோலம் ஒன்று செய்ய ஆசை. பெயின்ட் என்றால் இந்த வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துவிடும். லோதி காலனியில் அரசுக் குடியிருப்புச் சுவர்களிலேயே எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள்! சராய் காலே கான் பக்கம் அப்போதைய தெற்கு தில்லி மாநகராட்சி பழைய இரும்பில் செய்த ஏழு உலக அதிசயங்களின் மாதிரிகளோடு 2019-இல் ஒரு பூங்காவையே திறந்தது. நம் பேட்டைக்கும் ஏதாவது வேண்டாமா?

எங்கள் பூங்கா மாநகராட்சியுடையதா, டிடிஏ எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையத்துடையதா என்று எங்கே விசாரிப்பது? மனுவைத் தோட்டக்கலைத் துறையில் கொடுப்பதா, கவுன்சிலர் வழியாகப் போவதா? அப்புறம், சில்லு பதிக்கத் தெரிந்த கலைஞர் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கம் ஏற்கத் தயார்.