கடலோரப் பழைய குடியிருப்பில் சின்ன ஸ்டுடியோ: எடுக்கலாமா, கூடாதா?

கடலோடி:
செப்டம்பரில் நானும் மனைவியும் பார்சிலோனா போகிறோம். கடலை ஒட்டிய பார்சிலோனெட்டாவில் ஐந்து இரவுக்கு ஒரு ஸ்டுடியோ, அதாவது ஒரே அறையுள்ள வாடகை வீடு, பார்த்து வைத்திருக்கிறேன். 28 சதுர மீட்டர், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "அங்கே வீடு எடுத்துத் தங்குவது அந்தத் தெரு மக்களுக்குச் செய்யும் துரோகம்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். அப்படியா?

உப்புக்காற்று:
தாராளமாக எடுங்கள் சகோ. அந்த இடம் ஓட்டல் அறையில் இருந்து பார்த்தால் பிடிபடாது. 1753ல் கட்டத் தொடங்கிய குடியிருப்பு அது. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் வாழ்ந்த இடம். முதலில் இரண்டே தளம், குடும்பத்துக்கு ஒரு வீடு. ஆள் பெருகப் பெருக மேலே மாடி ஏற்றினார்கள்; வீட்டைப் பாதியாக்கி, பிறகு காலாக்கினார்கள். 'கால் வீடு' என்றே அங்கே பெயர், 30 சதுர மீட்டர் சுமாருக்கு வரும். நீங்கள் பார்த்ததும் அந்த வகைதான் போலிருக்கிறது.

போன வருடம் அப்படி ஒன்றில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் எட்டும் தூரத்தில் எதிர்வீட்டுக் கொடிக்கயிறு. தினமும் காலையில் ஒரு பெரியவர் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டு, ஓரத்தில் கிளிப் மாட்டுவார். மூன்றாம் நாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காகவே திரும்பப் போவேன்.

மூன்றாம்மாடி:
உங்களுக்குத் தலையசைத்தார், சரி. அடுத்த வாரம் அந்த ஜன்னலில் வேறு ஆள். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். அவர் எத்தனை முகத்துக்குத்தான் தலையசைப்பார்?

நான் வேறொரு துறைமுக ஊரின் பழைய பகுதியில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் படிக்கட்டில் ஆறு கதவு. நான்கின் பக்கத்தில் இப்போது நம்பர் பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி தொங்குகிறது. விடிகாலை விமானத்துக்குப் போகிறவர்கள் நாலரை மணிக்குச் சக்கரப் பெட்டியைக் கல் படியில் இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். படிக்கு ஒரு இடி. 54 படி. என் மகள் அரைத்தூக்கத்தில் எண்ணுவாள். போன ஜனவரியில் மேல்வீட்டுக் குழாய் உடைந்து என் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. கதவைத் திறக்க ஆளில்லை, உரிமையாளர் இருப்பது வேறு நாட்டில். முன்பு அங்கே இருந்த அம்மா எங்கள் வீட்டுச் சாவியையே வைத்திருந்தார்.

உப்புக்காற்று:
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் பழியெல்லாம் பயணி தலையிலா? வெனிஸைப் பாருங்கள். 1951ல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர். 2000க்குள்ளேயே சுமார் 66,000 ஆகிவிட்டது. பயணிகளுக்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் தொடங்கியதே 2008ல். வேலை வெளியே போனது, 1966 வெள்ளம், ஈர வீடுகளைப் பழுதுபார்க்கும் செலவு என்று காரணம் பல.

மூன்றாம்மாடி:
தம்பி, ஏற்கெனவே இளைத்தவன் என்பதால் மேலே ஏறி உட்காரலாமா? 2022ல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே போனது. பார்சிலோனெட்டாவுக்கே வாருங்கள். 2014 ஆகஸ்டில் சுற்றுலா வாடகை வீடுகளை எதிர்த்து அந்த மக்களே தெருவில் இறங்கினார்கள். நகரத்தில் உள்ள 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு தொடர விடமாட்டோம் என்று 2024ல் மேயர் அறிவித்தார். அந்த ஊர்க்காரர்கள் போதும் என்று சொன்ன பிறகு நாம் என்ன வாதாடுவது?

கலங்கரை:
இடையில் ஒன்று. உரிமம் உள்ள வீட்டின் விளம்பரத்தில் ஹெச்.யு.டி.பி (HUTB) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கவேண்டும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது ஜன்னல். ஒரே ஜன்னல் என்றால் காற்று உள்ளே வந்து வெளியே போக வழியில்லை. உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையும். கடலோரத்தில் விரிப்பு பிசுபிசுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே நின்று பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். குளியலறைக் கூரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடலோடி:
நன்றி. எண் கேட்டு நேற்று எழுதினேன். எண் வரவில்லை. "பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் எங்கள் உறவினர் என்று சொல்லிவிடுங்கள்" என்று பதில் வந்தது. மனைவி படித்துவிட்டு, "பொய் சொல்லிக்கொண்டு ஐந்து நாள் இருக்க என்னால் ஆகாது" என்றாள். ரத்து செய்துவிட்டேன்.

உப்புக்காற்று:
அதை விட்டது சரி. நான் தங்கியதற்கு எண் இருந்தது, கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒன்றைத் தேடுங்கள், கிடைக்கும்.

மூன்றாம்மாடி:
நான் சொன்னது சொன்னதுதான், ஓட்டலுக்குப் போங்கள். அதற்கு மேலும் வீடுதான் என்றால், கிளம்பும் அன்று பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். மூன்று மாடிதானே.