எடைச் சீட்டும் 240 நாளும்

எங்கள் சித்தி மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் 14 வருஷம் வேலை பார்த்தவர். வேகவைத்த நண்டை உடைத்துச் சதை எடுக்க வேண்டும், கிலோ கணக்கில் கூலி. 2019-இல் ஒரு சனிக்கிழமை வாரக்கூலியைக் கொடுத்த கையோடு, "திங்கக்கிழமையிலருந்து வர வேணாம்க்கா, நீங்கள்லாம் சீசன் ஆளுதானே" என்றார் சூப்பர்வைசர். சங்கம் பற்றிப் பேசியவர்களுக்கு மட்டும் எப்படி சீசன் முடிந்தது என்பது வேறு கதை.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னாலும் கம்பெனி அதையே சொன்னது: மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லை, அதனால் தொடர்ச்சியான பணி கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாதுதான். நாட்டுப்படகுக்கு ஏது தடை? நண்டு வலை போடுவதே பெரும்பாலும் அவர்கள்தான். சித்தியிடம் மே மாத எடைச் சீட்டே கட்டாக இருந்தது. எடையில் அடிக்கிறார்கள் என்று சண்டை போடுவதற்காக எல்லாச் சீட்டையும் அரிசி டிரம்மில் போட்டு வைத்திருந்தார். கிலோ எழுதிய இடம் ஈரத்தில் ஊறி அழிந்தவற்றில்கூட மேலே தேதி முத்திரை பளிச்சென்று இருந்தது. நண்டு வாடை மட்டும் போகவே இல்லை.

12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆள்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வருஷத்துக்கு 15 நாள் கூலி தர வேண்டும் என்றது 1947 தொழில் தகராறு சட்டம். 61 நாளை முழுசாகக் கழித்தாலும் 240 எட்டும். ஆனால் நிரூபிக்கிற பொறுப்பு நம் தலையில். பதிவேடோ அவர்கள் பீரோவில். 45 நாள் சமரசத்தில் ஒன்றும் நடக்காமல் மதுரை தொழிலாளர் நீதிமன்றம் போனோம், பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மனு போட்டோம். அந்த வாய்தாவுக்கு முன்னாலேயே கம்பெனி பேச வந்துவிட்டது. இழப்பீடு வந்தது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனியாக வந்தது. வேலை வரவில்லை. தினக்கூலி ஆட்களுக்கு இப்போதெல்லாம் மொத்தத் தொகைதான் பெரும்பாலும் என்றார் வக்கீல். சித்திக்கு இன்னும் ஆறவில்லை.

* * *

தொண்டிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் அம்மா பல வருஷம் கூட்டிப் பெருக்கினார். நிறுத்தியபோது கேட்டால், முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஊழியர் நிரந்தரப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006 உமாதேவி தீர்ப்பைச் சொல்லியே கதவைச் சாத்தினார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், மத்திய நீர் ஆணையத்தில் நெடுங்காலம் துப்புரவும் தோட்டவேலையும் பார்த்தவர்களைத் திரும்ப எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது. உமாதேவி தீர்ப்பை இவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்றும் சொன்னது. எங்கள் மனுவில் அதைச் சேர்த்திருக்கிறோம். வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

* * *

பாம்பன் ஐஸ் கம்பெனியில் என்னையும் இப்படித்தான் அனுப்பினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு. 15 நாள் கூலிக் கணக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் தகராறு எழுப்ப முன்பிருந்த 3 வருஷ அவகாசம் 2 ஆகிவிட்டது. சீட்டு இல்லாதவர்கள் பேங்க் பாஸ்புக், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போங்கள்.